நாய்க்குக் காய்கறி ட்ரீட் செய்ய டீஹைட்ரேட்டர் வாங்கலாமா?

வீட்டிலேயே நாய்க்குக் காய்கறித் தின்பண்டம் செய்யத் தொடங்குபவர்கள் சீக்கிரமே டீஹைட்ரேட்டர் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள். வாங்கலாம், நல்ல கருவிதான். ஆனால் அது செய்வது ஒரே வேலை: காயில் உள்ள நீரை வெளியே எடுக்கிறது. காயை வேகவைக்காது, கிருமியை நம்பும்படி கொல்லாது, கலோரியைக் குறைக்காது. பெரும்பாலான சொதப்பல்கள் இந்த மூன்றில் ஒன்றைக் கருவி பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பதால் வருகின்றன. ஆகவே கருவியின் வகைகளோடு, அதற்குள் போகும் காயைப் பற்றியும் சேர்த்தே எழுதுகிறேன். நல்ல டீஹைட்ரேட்டரில் பச்சைக் கிழங்கை வைத்தாலும் கெட்ட ட்ரீட்தான் கிடைக்கும்.

கருவி: எந்த வகை?

சந்தையில் இரண்டு அமைப்புகள் உண்டு. வட்டத் தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் வகை ஒன்று. தட்டுகளை இழுத்துத் தள்ளும் பெட்டி வகை மற்றொன்று. அடுக்கு வகையில் மின்விசிறியும் ஹீட்டரும் பெரும்பாலும் அடியில் இருக்கும். காற்று கீழிருந்து மேலே ஏறும்போது ஒவ்வொரு தட்டிலும் சூட்டை இழந்து ஈரத்தை வாங்கிக்கொண்டே போகிறது. அதனால் அடித்தட்டு காய்ந்து முடிந்த நேரத்தில் மேல்தட்டு இன்னும் ஈரமாகவே இருக்கும். 2 அல்லது 3 மணி நேரத்துக்கு ஒருமுறை தட்டுகளை இடம் மாற்றினால் இது சரியாகும். மாற்ற மறந்தால் ஒரே ஈட்டில் மூன்று விதமான பதம் வரும். ஈரமான துண்டுகள் மற்றவற்றோடு டப்பாவுக்குள் போய் எல்லாவற்றையும் கெடுக்கும். இன்னொரு தொல்லை, பூசணி விழுதோ பீட்ரூட் சாறோ சொட்டினால் நேராக விசிறி மேலேயே விழும். விசிறி மேல்மூடியில் இருக்கும் அடுக்கு வகையில் இந்தச் சொட்டுப் பிரச்சினை இல்லை.

பெட்டி வகையில் விசிறி பின்சுவரில் இருக்கும். காற்று எல்லாத் தட்டுகளுக்கும் கிடைமட்டமாக ஒரே நேரத்தில் போவதால் மேலுக்கும் கீழுக்கும் வேறுபாடு குறைவு. பின்பக்கம் முன்பக்கத்தைவிடச் சற்று முந்திக் காயும். பாதி நேரத்தில் தட்டை முன்பின்னாகத் திருப்பி வைத்தால் போதும். நடுவில் இரண்டு தட்டுகளை எடுத்துவிட்டால் தடித்த மெல்லும் துண்டுகளுக்கும் இடம் கிடைக்கும். அடுக்கு வகையில் இது முடியாது. நாய் ட்ரீட்டுக்காகவே வாங்குவதென்றால் என் தேர்வு பெட்டி வகைதான். எப்போதாவது கொஞ்சம் கேரட் காயவைப்பவருக்கு அடுக்கு வகையே போதும்.

வகையைவிட முக்கியம் தெர்மோஸ்டாட், அதாவது சூட்டை நாம் வைத்த அளவிலேயே நிறுத்தும் அமைப்பு. வெறும் ஆன், ஆஃப் மட்டும் உள்ள கருவியை வாங்கவே வேண்டாம். குறைந்தது 50 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை 5 டிகிரி படிகளாகவாவது மாற்ற முடிய வேண்டும். திரையில் தெரியும் எண்ணையும் அப்படியே நம்பக்கூடாது. வீட்டுக்கு வந்ததும் காலித் தட்டுகளோடு 57 டிகிரியில் ஓடவிட்டு, அரை மணி நேரம் கழித்து நடுத்தட்டில் சமையல் தெர்மாமீட்டரின் முனையை வைத்துப் பாருங்கள். ஹீட்டர் விட்டு விட்டு எரிவதால் எண் ஏறி இறங்கும்; 20 நிமிடம் கவனித்து நடுமதிப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். 5 டிகிரி வித்தியாசம் சாதாரணம். எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் தானே நிற்கும் டைமரும் அவசியம், ஏனென்றால் இது 8, 10 மணி நேரம் ஓடும் கருவி.

எத்தனை தட்டு வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே முடிவு செய்யலாம். தோல் சீவிய 1 கிலோ சர்க்கரைவள்ளிக்கிழங்கை 6 மில்லிமீட்டர் வில்லைகளாக நறுக்கி, ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்ப ஏறக்குறைய 2,300 சதுர சென்டிமீட்டர் தேவை. 30-க்கு 30 சென்டிமீட்டர் சதுரத் தட்டு என்றால் மூன்று. அதே குறுக்களவுள்ள வட்டத் தட்டில் நடுத்துளை போக 650 சதுர சென்டிமீட்டர்தான் தேறும். நான்கு தட்டு பிடிக்கும். விளம்பரத்தில் தட்டு எண்ணிக்கையைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள், பரப்பளவைப் பாருங்கள்.

தட்டு எதனால் ஆனது என்பதில் எஃகுக்கே என் ஓட்டு. பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக் இந்தச் சூட்டுக்குப் பாதுகாப்பானதுதான், ஆனால் கேரட்டும் பீட்ரூட்டும் அதில் நிரந்தரக் கறையாக ஏறும், கிழங்கின் சர்க்கரை பாகாக ஒட்டும். எது வாங்கினாலும் மெல்லிய வலைவிரிப்பு ஒன்றும், விழுது பரப்பச் சிலிக்கோன் விரிப்பு ஒன்றும் கூடவே வேண்டும். காய்ந்து சுருங்கிய பீன்ஸ் துண்டுகள் வெறும் தட்டின் இடைவெளி வழியாக விழுந்துவிடும்.

இந்தக் கருவியால் முடியாத வேலை

இனி விஷயத்தின் மையத்துக்கு வருவோம். உலர்த்தும் சூடு 55 முதல் 60 டிகிரி. சர்க்கரைவள்ளியின் மாவுச்சத்து நீரை உறிஞ்சி உப்பி, செரிக்கத்தக்க நிலைக்கு மாறுவது ஏறக்குறைய 60 முதல் 80 டிகிரிக்குள். அதாவது பச்சைக் கிழங்கை நறுக்கி நேரே டீஹைட்ரேட்டரில் வைத்தால், கடைசிவரை அது பச்சை மாவாகவே காய்ந்து கிடக்கும். பார்க்க அழகாக இருக்கும், நாயும் தின்னும். ஆனால் பச்சை மாவு சிறுகுடலில் சரியாகச் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் நொதித்து, வாயுவும் இளகிய மலமும் தரும். ‘என் நாய்க்குச் சர்க்கரைவள்ளி ஒத்துக்கொள்ளவில்லை’ என்பவர்கள் வேகவைத்த கிழங்கைக் கொடுத்தார்களா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ஆவியில் வேகவைப்பதில் வேறு பயன்களும் உண்டு. காயின் நொதிகள் செயலிழப்பதால் நிறமும் மணமும் மாதக்கணக்கில் நிற்கும். செல்சுவர்கள் தளர்வதால் நீர் வேகமாக வெளியேறும். மேற்பரப்பில் மண்ணோடு வந்த கிருமிகளில் பெரும்பங்கு போய்விடும். தண்ணீரில் போட்டு வேகவைப்பதைவிட ஆவி நல்லது. நீரில் கரையும் சத்துகள் வடிநீரோடு போவதில்லை. உப்பு போட வேண்டாம். மணத்துக்காக சூப்புக்குப் போடும் ஸ்டாக் பொடியோ கட்டியோ சேர்க்கவே கூடாது. அவற்றில் உப்போடு வெங்காயப் பொடியும் பூண்டுப் பொடியும் இருக்கும். வெங்காயக் குடும்பம் முழுவதும், அதாவது சின்ன வெங்காயம், பூண்டு, லீக்ஸ் எல்லாமே, நாயின் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தசோகையைக் கொண்டுவரும். வேகவைத்தாலும் காயவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. பொடியில் அது செறிந்துதான் இருக்கும்.

சர்க்கரைவள்ளி: கருவியின் உண்மையான பலன் இங்கேதான்

டீஹைட்ரேட்டர் வாங்க ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னால் சர்க்கரைவள்ளியைச் சொல்வேன். ஓவனில் இந்தத் தரம் கிடைப்பது கடினம்.

கிழங்கைக் கழுவித் தோல் சீவி, மெல்லும் துண்டுக்கு நீளவாட்டில் 8 மில்லிமீட்டர் பட்டையாகவும், மொறுமொறு வில்லைக்குக் குறுக்காக 4 மில்லிமீட்டராகவும் நறுக்குங்கள். நீளவாட்டில் நார் முழுசாக நிற்பதால் துண்டு வளைந்து இழுபடும். குறுக்கே வெட்டினால் நார் அறுந்து எளிதில் நொறுங்கும். ஒரே தடிமன் என்பது இங்கே அழகுக்காகச் சொல்வதல்ல. ஒரு தட்டில் 5-உம் 9-உம் கலந்திருந்தால் மெல்லியது கருகும் அளவுக்குக் காய்ந்தபின்தான் தடித்தது முடியும். ஸ்லைசர் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

8 மில்லிமீட்டர் துண்டுகளை 8 முதல் 10 நிமிடம் ஆவியில் வையுங்கள். முள்கரண்டி தடையில்லாமல் இறங்க வேண்டும், தூக்கினால் துண்டு உடையக்கூடாது. அந்த எல்லையைத் தாண்டினால் தட்டில் பரப்பும்போதே மசிந்து ஒட்டும். எடுத்ததும் துணியில் பரப்பி மேல் ஈரம் போகும்வரை 10 நிமிடம் விடுங்கள். பிறகு முதல் ஒரு மணி நேரம் 65 டிகிரி, அதன்பின் 57 முதல் 60. மெல்லிய வில்லைக்கு 6 முதல் 8 மணி நேரம், தடித்த பட்டைக்கு 9 முதல் 12. காற்றில் ஈரம் அதிகமுள்ள நாளில் இது மேலும் 2, 3 மணி நேரம் நீளும்.

அவசரத்துக்குச் சூட்டை 75-க்கு ஏற்றுவதுதான் இந்தத் தொழிலின் பெரிய தவறு. வெளிப்புறம் வேகமாகக் காய்ந்து தோல்போல இறுகிவிடும், உள்ளே உள்ள நீர் அந்தத் தோலைத் தாண்டி வர முடியாமல் தங்கும். தொட்டால் காய்ந்தது போலவே இருக்கும். டப்பாவில் போட்ட சில நாட்களில் அந்த ஈரம் மெல்ல வெளியே பரவி, பூஞ்சை பூக்கும். வீட்டு ட்ரீட்டில் பூஞ்சை வருவதற்கு அடிக்கடி காணும் காரணம் இதுதான். பூஞ்சை கண்ட துண்டை மட்டும் பொறுக்கி எறிந்தால் போதாது, அந்த டப்பா முழுவதையும் கொட்ட வேண்டும். சில பூஞ்சைகள் விடும் நஞ்சு நாய்க்கு நடுக்கமும் வலிப்பும் வரவழைக்கும்.

பதத்தைக் கையால் தொட்டுப் பார்ப்பதைவிடத் தராசால் பார்ப்பது நம்பகம். சர்க்கரைவள்ளியில் நீர் ஏறக்குறைய 77 சதவீதம். தோல் சீவிய 1 கிலோவில் நீர் அல்லாதது 230 கிராம்தான். 10 சதவீத ஈரத்தில் நிறுத்த வேண்டுமென்றால் இறுதி எடை சுமார் 255 கிராம். அந்த எடைக்கு வந்தால் வில்லை முறியும், வெளியில் வைத்துச் சேமிக்கலாம். மெல்லும் பதத்துக்கு 20 சதவீத ஈரம், அதாவது 285, 290 கிராம் அருகே நிறுத்த வேண்டும். ஆனால் அது அலமாரிக்குப் போகக்கூடாது. ஃப்ரிட்ஜிலோ ஃப்ரீசரிலோதான் இருக்க வேண்டும். கிழங்குக்குக் கிழங்கு நீரளவு சற்று மாறும், எனவே எடை வந்த பிறகு தடித்த ஒரு துண்டை நடுவில் பிய்த்துப் பாருங்கள். உள்ளே நிறம் வேறாக, ஈரப்பளபளப்போடு இருந்தால் இன்னும் நேரம் வேண்டும்.

கேரட், பூசணி, மற்றவை

கேரட்டை 3 மில்லிமீட்டர் வட்டங்களாக நறுக்கி 3, 4 நிமிடம் ஆவி காட்டி, 57 டிகிரியில் 6 முதல் 9 மணி நேரம் வைத்தால் போதும். நன்றாகச் சுருங்கும், ஆகவே அதைவிட மெல்லியதாக நறுக்க வேண்டாம். 1 கிலோவுக்கு 130 கிராம் போலக் கிடைக்கும். இதில் உள்ள பீட்டா கரோட்டினை நாயின் உடல் வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்ளும். பூனையால் அது முடியாது. பயிற்சியின்போது சட்டைப்பையில் போட்டுக்கொள்ள இதைவிடச் சுத்தமான ட்ரீட் இல்லை. கையில் பிசுக்கு ஒட்டாது.

பூசணியைத் துண்டாகக் காயவைப்பது வீண் வேலை. 90 சதவீதத்துக்கும் மேல் நீர், எஞ்சுவது தாள். விழுதாக்கிப் பரப்புவதே வழி. துண்டுகளை 15 முதல் 20 நிமிடம் ஆவியில் வேகவைத்து மசித்து, துணியில் கட்டி ஒரு மணி நேரம் வடியவிடுங்கள். இந்த வடிகட்டலைத் தவிர்த்தால் உலர 4 மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும், விழுதும் புளித்துப்போக வாய்ப்புண்டு. சிலிக்கோன் விரிப்பில் 4 மில்லிமீட்டர் உயரத்துக்குப் பரப்பும்போது ஓரங்களைக் கொஞ்சம் தடிமனாக வையுங்கள், ஏனென்றால் ஓரம்தான் முதலில் காய்ந்து வெடிக்கும். 60 டிகிரியில் 5, 6 மணி நேரத்தில் மேல் இறுகியதும் உரித்துக் கவிழ்த்து, வலைவிரிப்பில் இன்னும் 3, 4 மணி நேரம். விரலில் ஒட்டாமல் தோல்போல வந்ததும் கத்தரிக்கோலால் சதுரமாக வெட்டலாம். டின்னில் வரும் பூசணி விழுது வாங்கினால் சர்க்கரையும் மசாலாவும் சேர்த்த வகையை விட்டுவிடுங்கள். அதில் ஜாதிக்காய் இருக்கும், அது நாய்க்கு ஆகாது.

பீன்ஸை 3 சென்டிமீட்டர் துண்டாக்கி 4 நிமிடம் ஆவியில் வைத்து உலர்த்துங்கள், அவ்வளவுதான். பீட்ரூட் நன்றாக வரும், நாய்களுக்கு அதன் இனிப்பும் பிடிக்கும். சிறுநீரும் மலமும் சிவந்தால் இரத்தம் என்று பதற வேண்டாம், முந்தைய நாள் பீட்ரூட் கொடுத்தீர்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். ஆனால் பீட்ரூட்டிலும் பசலைக்கீரையிலும், ஓரளவு சர்க்கரைவள்ளியிலும் ஆக்சலேட் உண்டு. கால்சியம் ஆக்சலேட் வகைச் சிறுநீர்க்கல் வந்த நாய்க்கு இந்த மூன்றும் வேண்டாம். பிராக்கோலி, காலிஃபிளவர் காய்ந்தபின் வீடு முழுக்க நாறும். அளவு மீறினால் நாய்க்கு வயிறும் எரியும். வெள்ளரி காயவைக்கத் தகுதியில்லாதது, புதிதாகவே கொடுங்கள்.

உள்ளே வைக்கவே கூடாதவை: வெங்காயக் குடும்பம், பச்சை படிந்த அல்லது முளைவிட்ட உருளைக்கிழங்கு, தக்காளியின் பச்சைப் பாகங்கள், திராட்சை, உலர்திராட்சை, அவகாடோ. திராட்சையின் பாதிப்பு நாய்க்கு நாய் மாறும். ஒரு நாய் தாங்கும் அளவு இன்னொன்றின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும், ஆகவே ‘ஒன்றிரண்டு பரவாயில்லை’ என்ற பேச்சே கூடாது. மக்காச்சோள மணி பரவாயில்லை, ஆனால் கதிர்த்தண்டு எந்த வடிவிலும் வேண்டாம், அது குடலை அடைக்கும். ஆப்பிள் சேர்த்தால் விதையும் நடுப்பகுதியும் போக வேண்டும்.

கலோரி: கருவி மறைத்துவைக்கும் கணக்கு

ட்ரீட்டிலிருந்து வரும் கலோரி ஒரு நாளின் மொத்தத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் வரம்பு. நாயின் எடையை கிலோவில் எடுத்து, 0.75 அடுக்குக்கு உயர்த்தி, 70-ஆல் பெருக்கினால் ஓய்வுநிலைக் கலோரித் தேவை வரும். கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு அதை 1.6-ஆல் பெருக்குவார்கள். 10 கிலோ நாய்க்கு இது சுமார் 630 கலோரி, ட்ரீட்டுக்கு 63. 5 கிலோவுக்கு 37, 20 கிலோவுக்கு 105 போல.

இப்போது காயைப் பாருங்கள். 100 கிராம் பச்சைச் சர்க்கரைவள்ளியில் 86 கலோரி. நீர் போனபின் அதே 100 கிராமில் 335-க்கும் மேல். 5 கிராம் பட்டை ஒன்று 17 கலோரி. 10 கிலோ நாய்க்கு மூன்று பட்டையோடு நாள் கணக்கு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. கேரட்டில் ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும்: 63 கலோரிக்கு 150 கிராம் புதுக் கேரட் கொடுக்கலாம், காய்ந்ததென்றால் 20 கிராம்தான். காய்கறிதானே என்று கையில் அள்ளிக் கொடுப்பவர்களின் நாய் எடை கூடுவது இப்படித்தான். ட்ரீட் டப்பாவின் மேலேயே ‘ஒரு துண்டு இத்தனை கலோரி’ என்று எழுதி ஒட்டுங்கள். வீட்டில் கொடுப்பவர் ஒருவர் மட்டுமல்லவே.

பிஸ்கட்: ஓவனோடு சேர்ந்து

சிறிய, ஒரே அளவான பயிற்சி ட்ரீட்டுக்குப் பூசணி ஓட்ஸ் பிஸ்கட் மிக நன்றாக அமையும். வடித்த பூசணி விழுது 250 கிராம், ஓட்ஸ் மாவு 230 கிராம், முட்டை ஒன்று. வேறு எதுவும் வேண்டாம். பேக்கிங் சோடா, உப்பு, சர்க்கரை எதற்கும் இங்கே வேலையில்லை. பிசைந்து 15 நிமிடம் மூடிவைத்தால் ஓட்ஸ் ஈரத்தை இழுத்துக்கொண்டு மாவு ஒட்டாமல் வரும். அப்போதும் ஒட்டினால் ஒரு கரண்டி ஓட்ஸ் மாவு கூட்டுங்கள். 6 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து 2 சென்டிமீட்டர் சதுரமாகக் கீறி, 160 டிகிரி ஓவனில் 25 முதல் 30 நிமிடம். பிறகு டீஹைட்ரேட்டரில் 60 டிகிரியில் 5, 6 மணி நேரம் வைத்தால் உள்வரை மொறுமொறுப்பாகும். 200 துண்டு போலத் தேறும், ஒன்றுக்கு 5 கலோரி.

வரிசையை மாற்றக்கூடாது. முட்டை சேர்ந்த பச்சை மாவை நேரே டீஹைட்ரேட்டரில் வைத்தால், ஈரம் ஆவியாகும்போது மாவு குளிர்ந்துகொண்டே இருப்பதால் பல மணி நேரம் கிருமி பெருகும் வெதுவெதுப்பிலேயே கிடக்கும். முட்டையில் வரக்கூடிய சால்மனெல்லா கிருமி நாய்க்கு மட்டுமல்ல, ட்ரீட்டைத் தொடும் குழந்தைக்கும் ஆபத்து. நிலக்கடலை வெண்ணெய் சேர்க்க விரும்பினால் பாட்டிலின் பின்பக்கத்தைப் படியுங்கள். சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் ஓர் இனிப்பூட்டி) அல்லது அதன் இன்னொரு பெயரான பிர்ச் சுகர் என்று இருந்தால் கீழே வையுங்கள். கிலோ எடைக்கு 0.1 கிராம் சைலிட்டாலே நாயின் இரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குக் கீழே தள்ளிவிடும். அதற்கு மேல் போனால் கல்லீரல் பழுதாகும்.

ஓவனும் ஏர் ஃப்ரையரும் போதாதா?

ஓவனின் மிகக் குறைந்த சூடே பல மாடல்களில் 80, 100 டிகிரி. கதவைச் சற்றுத் திறந்துவைத்து ஈரத்தை வெளியேற்றினால் வேலை நடக்கும், ஆனால் மேலே சொன்ன தோல் இறுகும் சிக்கல் கூடவே வரும். அதிகச் சூட்டில் வறுக்கும்போது, 120 டிகிரிக்கு மேல், மாவுச்சத்துள்ள கிழங்கு பழுப்பாகும் இடத்தில் அக்ரிலமைடு என்ற தீங்கான வேதிப்பொருள் உருவாகும். குறைந்த சூட்டு உலர்த்தலில் அந்தக் கவலை இல்லை. மின்செலவும் பாருங்கள். 600 வாட் பெட்டி 10 மணி நேரம் ஓடினால் அதிகபட்சம் 6 யூனிட், ஹீட்டர் விட்டு விட்டு எரிவதால் உண்மையில் அதைவிடக் குறைவு. மாதம் ஒருமுறை 250 கிராம் மெல்லிய வில்லை செய்ய இருக்கிற ஓவனே போதும், புதிதாகக் கருவி வேண்டாம்.

ஏர் ஃப்ரையரில் உலர்த்தும் அமைப்பு தனியாக இருந்தால் மட்டும் முயலலாம். விசிறி வேகம் அதிகமென்பதால் காய்ந்து லேசான வில்லைகள் பறந்து ஹீட்டரில் ஒட்டிக் கருகும். மேலே ஒரு கம்பிவலை வைக்க வேண்டும். ஒரு கூடைக்குக் கால் கிலோ கிழங்கு பரப்புவதே கஷ்டம்.

சேமிப்பும் கொடுக்கும் முறையும்

கருவியை நிறுத்தியதும் சூட்டோடு டப்பாவில் போட்டால் மூடியில் நீர் கோத்துக்கொள்ளும். ராத்திரி முழுக்கத் திறந்துவைத்தால் காற்றின் ஈரத்தைத் திரும்ப இழுக்கும். அரை மணி, ஒரு மணி நேரம் ஆறவிட்டு அடைப்பதே சரி. முதல் ஒரு வாரம் கண்ணாடி ஜாடியில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்பி, தினம் ஒருமுறை குலுக்குங்கள். துண்டுக்குத் துண்டு வேறுபடும் ஈரம் இதனால் சமமாகும். ஜாடியின் உட்புறம் மூட்டம் தெரிந்தால் எல்லாவற்றையும் மறுபடி 2 மணி நேரம் கருவியில் வையுங்கள். நன்றாகக் காய்ந்த கேரட், பீன்ஸ் இருட்டான குளிர்ந்த இடத்தில் இரண்டு மாதம் நிற்கும். மெல்லும் கிழங்கும் பூசணித் தோலும் ஃப்ரிட்ஜில் இரண்டு வாரம், ஃப்ரீசரில் ஆறு மாதம். பிஸ்கட் ஃப்ரிட்ஜில் ஒரு வாரத்தைத் தாண்ட வேண்டாம், மீதியை ஃப்ரீசரில் வையுங்கள்.

புதிய காயை ஒவ்வொன்றாக அறிமுகம் செய்யுங்கள், ஒன்றுக்கு மூன்று நான்கு நாள் இடைவெளி விட்டு. மூன்று காயை ஒரே நாளில் கொடுத்து வயிறு கெட்டால் எது காரணம் என்று கண்டுபிடிக்க முடியாது. மெல்லும் பட்டையை நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளமும் விழாமல் முறியவும் முறியாமல் இருந்தால் பல்லுக்கு ஆபத்தான கடினம். அதை 5 நிமிடம் தண்ணீரில் ஊறவைத்துக் கொடுக்கலாம். விழுங்கும் பழக்கமுள்ள நாய்க்கும் முகம் சப்பையான இனங்களுக்கும் நொறுங்கும் மெல்லிய வில்லைதான் பொருத்தம். காய்ந்தது வயிற்றில் ஊறி உப்பும் என்பதால் பக்கத்தில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும். நீரிழிவு, சிறுநீரக நோய், கணையப் பாதிப்பு உள்ள நாய்க்கு இவற்றில் எதைத் தொடங்குமுன்னும் மருத்துவரிடம் கேளுங்கள்; கிழங்கின் சர்க்கரையும் பொட்டாசியமும் அவற்றுக்குச் சிறிய விஷயமல்ல.

கருவியை நாய் எட்டாத உயரத்தில், வயரும் தொங்காதபடி வையுங்கள். சர்க்கரைவள்ளி வாசனை 10 மணி நேரம் அதை அங்கேயே நிற்கவைக்கும். வேலை முடிந்த தட்டுகளை உடனே வெந்நீரில் 20 நிமிடம் ஊறவிட்டால் மென்மையான தூரிகையே போதும். காய்ந்த பாகைச் சுரண்டத் தொடங்கினால் பிளாஸ்டிக் கீறும், கீறலில் அழுக்கு தங்கும்.

எடை கூடிய நாய் உள்ள வீட்டுக்கு இந்தக் கருவியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த நாய்க்கு வேண்டியது நீர் போன காய் அல்ல, நீரோடு உள்ள காய்: ஆவியில் வைத்து ஆறிய பீன்ஸ், 100 கிராமுக்கு சுமார் 35 கலோரிதான். ஒரு கிண்ணம் செய்து ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாளுக்கு வரும்.